மழை விட்ட காலையில் பூங்காவுக்குப் போங்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னையில் பாதிப் பேர் கைப்பேசியில் வானிலை ரேடார் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார்கள். கடலிலிருந்து மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக வரும் மழைமேகம் நம் பேட்டைக்கு எப்போது வந்து சேரும், காலையில் பள்ளி உண்டா, தெருவில் தண்ணீர் நிற்குமா என்பது அவர்கள் கவலை. நானும் அதே படத்தைத்தான் பார்க்கிறேன். ஆனால் நள்ளிரவுக்கு மேல் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரம் பெய்து, விடிவதற்குள் விட்டுவிடும் மழையாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படி இருந்தால் ஐந்து மணிக்கு அலாரம் வைத்துவிடுவேன். முந்தின நாள் பூங்காவில் இல்லாத பறவைகள் மறுநாள் காலை அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அது ஏன் என்பதைப் பறவை பார்க்க இப்போதுதான் ஆசைப்படத் தொடங்கியவர்களுக்காகச் சொல்லப் போகிறேன். பறவைகளின் பெயர்கள் தெரியாவிட்டால் பரவாயில்லை. காரணம் புரிந்துவிட்டால் எங்கே நிற்பது, எதற்காகக் காத்திருப்பது என்பது தானாக விளங்கும். பெயர்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம்.

இரவில் நடக்கும் பயணம்

வலசை, அதாவது பறவைகள் பருவத்துக்கு ஏற்ப இடம்பெயர்வது, என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. வேடந்தாங்கலில் மரம் நிறையக் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. ஏரி நிறைந்தால் வந்து குஞ்சு பொரித்து, வற்றினால் வேறு நீர்நிலை தேடிப் போகிறவை. “வெளிநாட்டிலிருந்து முட்டையிட வருகின்றன” என்று ஆண்டுதோறும் சொல்லப்படுவது சரியல்ல. வடக்கிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் பறவைகள் தங்கள் குஞ்சுகளை அங்கேயே வளர்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்புகின்றன. இங்கே அவற்றுக்குக் கூடு கிடையாது, இரை தேடும் வேலை மட்டும்தான்.

இவற்றில் வாத்துகளும் உள்ளான்களும் கண்ணில் படும் கூட்டம். கண்ணில் படாத கூட்டம் ஒன்று உண்டு. புதரிலும் மரக்கிளையிலும் பூச்சி தேடும் சின்னஞ்சிறு பறவைகள் அவை. இளம்பச்சைக் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறத்தாழ 8 கிராம், நம் பத்து ரூபாய் நாணயத்தின் எடைதான். இமயமலையிலிருந்து ஐரோப்பாவின் வடகிழக்குவரை பரந்த காடுகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பிளைத் நாணல் கதிர்க்குருவி பின்லாந்து, ரஷ்யா, மத்திய ஆசியப் பகுதிகளிலிருந்து வருகிறது. கொடிக்கால் வாலாட்டி சீனா, கொரியா, கிழக்குச் சைபீரியப் பக்கத்திலிருந்து வருகிறது. இவையெல்லாம் நம் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் இறங்கக்கூடிய பறவைகள்.

இவ்வளவு சிறிய உயிர்கள் வருவதை நாம் ஏன் பார்ப்பதே இல்லை? பெரும்பாலும் இரவில் பறக்கின்றன என்பதுதான் காரணம். பகல் வெயிலில் சிறகடித்தால் உடல் சூடேறி நீர் வற்றிவிடும். இரவுக் காற்று குளிர்ந்தும் சலனம் குறைந்தும் இருக்கும். வல்லூறுகளின் தொல்லையும் குறைவு. இன்னொரு வசதி: பகல் முழுவதும் இரை தேடலாம். சூரியன் மறைந்து சிறிது நேரத்தில் கிளம்பி, இரவெல்லாம் பறந்து, விடியும்போது இறங்கி, பகலில் தின்று கொழுப்பு சேர்த்துக்கொண்டு, பிறகு மீண்டும் கிளம்புவதுதான் அவற்றின் நடைமுறை. அந்தக் கொழுப்புதான் எரிபொருள். நீண்ட பயணத்துக்கு முன் உடல் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொள்ளும் சிறு பறவைகள்கூட உண்டு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பறவை, பத்து மணி நேரத்தில் 400 கிலோமீட்டர் கடக்கும். விஜயவாடாவிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 380 கிலோமீட்டர். நேற்று மாலை கிருஷ்ணா நதிக்கரைப் புதரில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த குருவி, இன்று விடியும்போது அடையாற்றங்கரையில் இருக்கலாம். இரவு ரயிலில் வருகிற நம்மைப் போலத்தான்.

வழி தெரிவது எப்படி என்று கேட்பீர்கள். 1960-களில் ஸ்டீபன் எம்லென் என்ற அமெரிக்க அறிவியலாளர் கோளரங்கத்துக்குள் பறவைகளை வைத்துச் சோதித்தார். வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதைக் குஞ்சுப் பருவத்திலேயே கவனித்து, அதைக் கொண்டு அவை திசை அறிகின்றன என்று கண்டார். பூமியின் காந்தப்புலமும் அவற்றுக்கு உதவுகிறது. விண்மீன், காந்தம், கீழே தெரியும் ஆறும் கரையும் என ஒன்று மறைந்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு பறக்கின்றன.

மழை செய்வது என்ன?

இப்படிப் பறந்து வரும் கூட்டத்தின் குறுக்கே மழை வந்தால் என்ன ஆகும்? மேகம் தாழ்ந்து விண்மீன்களை மறைக்கிறது. இறகு நனைந்தால் சூடு குறைகிறது, உடல் கனக்கிறது. மழையோடு வரும் காற்று திசை மாறி எதிரே அடிக்கிறது. கையிருப்புக் கொழுப்பு வேகமாகக் கரைகிறது. இதில் தொடர்ந்து பறப்பதைவிட இறங்கிவிடுவதே பறவைக்கு நல்லது. அதனால் சாதாரணமாக நம் தலைக்கு மேலே பல நூறு மீட்டர் உயரத்தில் கடந்து போயிருக்க வேண்டிய பறவைகள், அந்த இரவில் நடுவழியில் கீழே வருகின்றன.

ஆங்கிலம் பேசும் பறவை ஆர்வலர்கள் இதை ‘ஃபால்அவுட்’ என்கிறார்கள். தமிழில் நான் இதை ‘மழையிறக்கம்’ என்று சொல்லிக்கொள்கிறேன். மழை புதிதாக எந்தப் பறவையையும் எங்கிருந்தோ அழைத்து வருவதில்லை என்பதை இந்தப் பெயர் நினைவூட்டும். பறவைகள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தன. மழை அவற்றை இறக்கிவிட்டது.

இதன் உச்சக்கட்டத்தைப் பார்க்க அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரைக்குப் போகிறவர்கள் உண்டு. ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடந்து வடக்கே வரும் பறவைகள், கரைக்கு அருகே மழையிலும் எதிர்க்காற்றிலும் சிக்கினால், ஹை ஐலண்ட் என்ற சிற்றூரின் மரங்களில் வந்து விழாத குறையாக இறங்கும். ஒரே மரத்தில் பத்து இனங்கள் என்பதெல்லாம் அங்கே நடக்கும். சென்னையில் அப்படி எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து திரும்ப வேண்டியிருக்கும். நம் பறவைகள் பெரும்பாலும் நிலத்தின் மேலேயே வருகின்றன, களைத்தால் ஆங்காங்கே இறங்க அவற்றுக்கு இடமிருக்கிறது. ஆகவே இங்கே மழையிறக்கம் என்பது நேற்று இரண்டு இருந்த கதிர்க்குருவி இன்று ஏழாக இருப்பது, நேற்று வெறும் சருகாகக் கிடந்த இடத்தில் இன்று ஓர் ஆறுமணிக் குருவி நிற்பது. எனக்கு அது போதுமானதற்கு மேல்.

எல்லா மழையும் உதவாது. மூன்று நாள் விடாமல் அடைமழை பெய்தால் புதுப் பறவை வருவது குறையும், ஏனென்றால் வடக்கே இருப்பவையும் கிளம்பாமல் காத்திருக்கும். வானம் தெளிந்து, காற்று பின்னாலிருந்து தள்ளும் இரவாகப் பார்த்துத்தான் அவை புறப்படுகின்றன. தெற்கு நோக்கி வரும் பறவைக்கு வடகிழக்குக் காற்று நல்ல துணை. எனவே நீங்கள் பார்க்க வேண்டியது, மாலையில் ஓங்கோல், நெல்லூர்ப் பக்கம் வானம் தெளிவாக இருந்து, பின்னிரவில் சென்னை மேல் மழை இறங்குகிறதா என்பது. அங்கே கிளம்பச் சொன்ன வானம், இங்கே நிற்கச் சொல்கிறது. ரேடார் படத்தை வைத்து இதை யாரும் கணிக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேடாரில் பறவைகளே தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரையில் காரணம் தெரியாமல் நகர்ந்த புள்ளிகளை ஆங்கிலேயர்கள் ‘ஏஞ்சல்’ என்று அழைத்தார்கள். அவற்றில் பல பறவைகள்தான் என்று பிறகு தெரியவந்தது.

மேகம் தாழ்ந்த இரவில் நகரத்தின் வெளிச்சமும் பறவைகளை இழுக்கிறது. விண்மீன் தெரியாதபோது கீழேயிருந்து வரும் ஒளி அவற்றைத் திகைக்கவைக்கிறது. விளக்கைச் சுற்றிச் சுற்றியே களைத்துப்போகும், கண்ணாடிச் சுவரில் மோதும். மழை இரவில் மாடி விளக்கையும் விளம்பரப் பலகை விளக்கையும் அணைத்து வைப்பது நம்மால் முடிந்த உதவி.

கான்கிரீட்டுக்கு நடுவே ஒரு பச்சைத் திட்டு

விடியும் நேரத்தில் மேலேயிருந்து சென்னையைப் பாருங்கள். கிழக்கே கடல், மற்றப் பக்கமெல்லாம் மாடிகள். நடுவே கிண்டி தேசியப் பூங்கா, பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதை ஒட்டி ஐ.ஐ.டி. வளாகம், ஆளுநர் மாளிகை மரங்கள். அடையாற்றின் முகத்துவாரத்தில் பிரம்மஞான சபைத் தோட்டமும் அதன் பெரிய ஆலமரமும். எதிர்க்கரைப் பக்கம் தொல்காப்பியப் பூங்கா. மயிலாப்பூரில் சிறிய நாகேஸ்வரராவ் பூங்கா. இறங்க வேண்டிய பறவைக்கு இவைதான் தீவுகள். பரந்த காட்டில் நூறு பறவை இறங்கினால் சிதறிப் போகும், தேடிப் பிடிக்க முடியாது. நகரத்தில் அதே நூறும் நான்கைந்து பச்சைத் திட்டுகளுக்குள் ஒடுங்க வேண்டியிருக்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் மே மாதத்தில் பறவை ஆர்வலர்களால் நிரம்புவது இதே காரணத்தால்தான். 341 ஹெக்டேர் பச்சை, அதைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள். அங்கே ராம்பிள் என்ற அடர்ந்த பகுதியில் ஒரே காலையில் இருபது வகைக் கதிர்க்குருவிகளைப் பார்க்கிறார்கள்.

ஆகவே நகரத்தில் இருக்கிறோம், காடு இல்லையே என்று வருந்த வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நகரம் நமக்குச் சாதகம்.

எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது?

இறங்கிய பறவைக்கு மூன்று தேவைகள். நனைந்த இறகை உலர்த்த வேண்டும், வயிற்றை நிரப்ப வேண்டும், ஒளிந்துகொள்ள வேண்டும். உங்கள் காலை நடை இந்த மூன்றையும் பின்தொடரட்டும்.

முதல் அரைமணி நேரம், கிழக்கு வெளிச்சம் முதலில் விழும் மரங்களுக்கு எதிரே நில்லுங்கள். வெயில் பட்ட இலைகளில்தான் பூச்சி முதலில் அசையும், பறவையும் அங்கேதான் இறகை விரித்துக் கோதும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகவே தெரியும். தொடங்குகிறவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு இதுதான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மரம் சொட்டிக்கொண்டிருக்கும்போது இலையசைவை வைத்துப் பறவையைக் கண்டுபிடிப்பது கடினம், ஒவ்வொரு துளிக்கும் இலை ஆடும். சொட்டுக்கு ஆடும் இலை ஒருமுறை தலையாட்டி நின்றுவிடும். குருவி அசைக்கும் கிளை விட்டு விட்டு ஆடும், அசைவு பக்கத்துக் கிளைக்கு நகரும். பத்து நிமிடம் பார்த்தால் கண் பழகிவிடும். அதைவிடக் காதை நம்புங்கள். இரண்டு கூழாங்கல்லைத் தட்டினாற்போல் புதருக்குள்ளிருந்து ‘டக்... டக்’ என்று வந்தால் அது பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். மரத்தின் மேல்தட்டிலிருந்து ‘சிலிப்’ என்று ஈரசைக் குரல் வந்தால் இளம்பச்சைக் கதிர்க்குருவி. வேலி உச்சியிலிருந்து கிறீச்சிட்டுத் திட்டினால் பழுப்புக் கீச்சான், சைபீரியாப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளி. இலையில்லாத குச்சியில் உட்கார்ந்து, பாய்ந்து பூச்சியைப் பிடித்து, அதே குச்சிக்குத் திரும்பும் சிறிய, பெரிய கண்ணுள்ள பறவை பழுப்பு ஈப்பிடிப்பான்.

மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். புற்றிலிருந்து புகையாக எழும் அந்தக் கூட்டத்துக்குக் கரிச்சான், மைனா, பஞ்சுருட்டான், தகைவிலான் எல்லாம் வரும். உள்ளூர்ப் பறவைகள் இரைச்சலிடும் இடத்தில்தான் வந்திறங்கிய பறவையும் சத்தமில்லாமல் ஓரத்தில் தின்றுகொண்டிருக்கும். காக்கையும் தவிட்டுக்குருவியும்தானே என்று கடந்து போய்விடாதீர்கள். கலவரம் நடக்கும் இடத்தை அவை காட்டிக்கொடுக்கின்றன.

இப்போது கீழே பாருங்கள். என் மனத்துக்கு மிக நெருங்கிய இடம் இது: மர நிழலில், ஈரச் சருகு. மழை மண்புழுவை மேலே கொண்டுவருகிறது, நனைந்த இலையைப் புரட்டினால் சத்தம் வராது. கொடிக்கால் வாலாட்டி இங்கே நடக்கும். மற்ற வாலாட்டிகளெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும், இடுப்பை அசைத்து நடப்பது போல. அந்த ஒரு அடையாளத்தை வைத்தே சொல்லிவிடலாம். செந்தலைப் பூங்குருவியும் இலைகளைத் தூக்கி எறிந்தபடி இங்கே இரை தேடும்.

ஆறுமணிக் குருவியும் இங்கேதான். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் தெற்கே வருகிறது, இலங்கைவரை போகிறது. பச்சை முதுகு, தோளில் பளிச்சிடும் நீலம், வெண்தொண்டை, கண் வழியே கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இந்தியில் ‘நவ்ரங்’, ஒன்பது நிறம் என்று பெயர். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் விசிலடிப்பதால் நம் ஊரில் அந்தப் பெயர். இத்தனை நிறம் இருந்தும் அது அசையாமல் நின்றால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் முதன்முதலில் பார்த்த ஆறுமணிக் குருவி, புங்கமரத்தடியில் என்னிடமிருந்து நாலு மீட்டரில் நின்றிருந்தது. அரைமணி நேரமாக நான் அந்தச் சருகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓர் இலையைப் புரட்டிய பிறகுதான் பறவையென்று தெரிந்தது. கண் கலங்கிவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த மரத்தடியைப் பற்றி ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு அதே பூங்காவுக்குப் போனபோது சருகைக் கூட்டிப் பெருக்கி, புதர்களை வெட்டி, புல்தரை போட்டு, ஓரமாகச் சிமெண்ட் நடைபாதை அமைத்திருந்தார்கள். சுத்தமாகத்தான் இருந்தது. ஆறுமணிக் குருவிக்கு அங்கே தின்ன ஒரு புழுவும் இல்லை, ஒளிய ஓர் இலையும் இல்லை. பூங்கா என்றால் பூச்செடியும் புல்லும் என்ற நினைப்பு மாற வேண்டும். ஒரு மூலையில், சில மரங்களுக்குக் கீழே மட்டும் சருகை அப்படியே விட்டுவைக்கும்படி பூங்கா ஊழியர்களிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் கேளுங்கள். செலவில்லாத காரியம், கேட்டால் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

களைத்து வந்த விருந்தாளிகளிடம் நடந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் புகுந்த எதிரி என்று நினைத்து அது வீணாகப் பறந்து அலையும், இருக்கும் கொஞ்சக் கொழுப்பையும் செலவழிக்கும். படம் எடுக்கத் துரத்தாதீர்கள். ஒரு முறை கிளப்பிவிட்ட பறவையை இரண்டாம் முறை கிளப்ப வேண்டாம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பயன்படுத்தலாம், அந்த வசதி கேட்க மட்டும்தான் செய்கிறது. ஆனால் அது சொன்ன பெயரைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். பைனாகுலர் வாங்குவதென்றால் 8 மடங்கு பெரிதாக்குவது போதும்; 10, 12 என்று போனால் கை நடுக்கமும் பெரிதாகும், நிழலான புதரில் பறவையைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

மழை இரவுக்கு மறுநாள் சன்னல் கண்ணாடியில் மோதி ஒரு பறவை பால்கனியில் கிடந்தால் பதற வேண்டாம். ஆறுமணிக் குருவிதான் இப்படி அடிக்கடி கிடைக்கிறது. துணியால் மென்மையாக எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சோறு ஊட்டக் கூடாது. திறந்து திறந்து பார்க்கவும் கூடாது. பெட்டிக்குள் அசையும் சத்தம் கேட்டதும் மரங்கள் உள்ள இடத்துக்கு எடுத்துப்போய்த் திறந்தால் பெரும்பாலும் பறந்துவிடும். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

கடைசியாக, வழிப்போக்கனா குடித்தனக்காரனா என்ற கேள்வி. இறங்கிய பறவைகளில் சில அன்று மாலையே அல்லது இரண்டொரு நாளில் வயிறு நிரம்பியதும் வானம் தெளிந்த இரவில் தெற்கே போய்விடும். சில இங்கேயே மார்ச், ஏப்ரல்வரை தங்கும். முதல் நாள் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மழை எத்தனை மணிக்கு விட்டது, காற்று எந்தப் பக்கம், எந்த மரத்தில் எதைப் பார்த்தோம் என்று மூன்று வரி எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த வாரம் மழையில்லாத ஒரு நாளில் அதே புதருக்குப் போய் நில்லுங்கள். ‘டக், டக்’ இன்னும் கேட்டால் அந்தக் கதிர்க்குருவி குளிர்காலத்துக்கு அந்தப் புதரைப் பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். பழுப்புக் கீச்சானை எந்த வேலியில் பார்த்தீர்கள் என்பதை மட்டும் தனியாகக் குறித்துவையுங்கள். காலில் வளையமிட்டுப் பார்த்ததில், குளிர்காலத்தைக் கழித்த அதே இடத்துக்கே பல கீச்சான்கள் அடுத்த ஆண்டும் திரும்பி வருவது தெரிந்திருக்கிறது.